மூன்று கிண்ணத்தின் பின்குறிப்புகள்

ஏப்ரல் 11

இது ரிஸ்வானாவின் உத்தரவு. "தினமும் என்ன படிச்சே, எதுல நேரம் போச்சுன்னு ஒரு டைரியில எழுதிவைடி. மூணாந்தடவையாச்சும் தேற வேண்டாமா" என்று மதுரையிலிருந்து போனில் சொன்னாள். என்னோடு படித்தவள், போன வருஷமே தேறிவிட்டாள். இப்போது அங்கே அரசு மருத்துவமனையில் பயிற்சி மருத்துவர். தேறியவர்கள் சொல்வதைத் தேறாதவர்கள் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

ஆகவே எழுதுகிறேன். என் பெயர் அனுசுயா. சீனாவின் ஷென்யாங் நகரத்துப் பனியில் ஆறு வருஷம் வழுக்கி விழுந்து மருத்துவம் படித்தவள். பட்டம் பீரோவில் இருக்கிறது. ஆனால் வெளிநாட்டில் படித்தவர்கள் இங்கே ஒரு தகுதித் தேர்வு எழுத வேண்டும். அதை இரண்டு முறை எழுதி இரண்டு முறையும் கோட்டை விட்டேன். அது தேறாதவரை நான் இந்தத் திருச்சியில் ஒரு காய்ச்சல் மாத்திரைகூட எழுதித் தர முடியாது. அடுத்த தேர்வு ஜூன் கடைசியில்.

இன்று உடற்கூறியல் பாதி. மதியம் கொஞ்ச நேரம் வேறு வேலை.

ஏப்ரல் 13

வேறு வேலை என்றால் என்ன என்று ரிஸ்வானா கேட்பாள். எழுதிவிடுகிறேன்.

'வடக்கு வாசல் சமையற்கூடம்' என்று ஒரு சீனத் தொடர்கதை. இணையத்தில் தினம் ஓர் அத்தியாயம் வரும், நம் நேரப்படி மதியம் மூன்றரைக்கு. அரசருக்கு வரும் சாப்பாட்டை முதலில் ருசி பார்க்கும் சமையல்காரன் வேய் லான். விஷம் வைப்பவர்களைத் தேடிப் பிடிக்கும் தளபதி ஹே, அவள் ஒரு பெண். சீனம் மறந்துவிடக் கூடாதே என்றுதான் படிக்க ஆரம்பித்தேன். மறந்துவிடக் கூடாதே என்றுதான் அதைத் தமிழாக்கி ஒரு டெலிகிராம் குழுவில் போடுகிறேன். குழுவில் இப்போது நானூறு பேருக்கு மேல். அதற்கு நான் என்ன செய்ய முடியும்?

இப்படி ஒன்றில் போய் ஒட்டிக்கொள்வதைச் சீனத்து இளசுகள் 'ரூ கங்' என்பார்கள். குழிக்குள் இறங்குவது. நாடகம், பாட்டுக்காரன், பொம்மை சேர்ப்பது, எதுவானாலும் அவர்களுக்குக் குழிதான். எழுத்தாளர் புதுக்கதை தொடங்கினால் குழி தோண்டுகிறார். ஒழுங்காக எழுதிக்கொண்டு போனால் குழியை நிரப்புகிறார். பாதியில் விட்டுவிட்டால் இறங்கியவர்கள் பாடு அதோகதி. எங்கள் விடுதியில் சீனத் தோழிகள் மாதத்துக்கு ஒரு குழி மாற்றுவார்கள். நானும் ரிஸ்வானாவும் விழுந்து விழுந்து சிரிப்போம்.

நான் குழிக்குள் இல்லை. ஓரத்தில் நின்று எட்டிப் பார்க்கிறேன், அவ்வளவுதான்.

ஏப்ரல் 14

சித்திரை ஒன்று. பாயசம். வேய் லான் சிறையில். படிப்பு இல்லை.

ஏப்ரல் 20

எழுத்தாளரின் புனைபெயர் 'மூன்று கிண்ணச் சோறு'. சீனத்தில் எழுத்தாளர்கள் இப்படித்தான் பெயர் வைத்துக்கொள்கிறார்கள். வாசகர்கள் அவரை மரியாதையாகத் 'தாதா' என்கிறார்கள். நம் ஊரில் அந்தச் சொல்லுக்குக் கிடைக்கும் மரியாதை வேறு. நான் மூன்று கிண்ணம் என்றே சொல்கிறேன். செங்து நகரத்துப் பெண், வயது முப்பது இருக்கலாம் என்று கருத்துப் பகுதியில் பேசிக்கொள்கிறார்கள்.

ஒவ்வொரு அத்தியாயத்தின் அடியிலும் நாலு வரி பின்குறிப்பு எழுதுவார். கதையைவிட எனக்கு அதுதான் பிடிக்கும். இன்றைய பின்குறிப்பு: "சாயங்காலம் ஆனதும் இடது கண் மட்டும் தூங்கப் போய்விட்டது. வலது கண்ணை மட்டும் வைத்துக்கொண்டு இந்த அத்தியாயத்தை முடித்தேன். ஒரு கண் கூலி போதும்." இதைத் தமிழில் கொண்டுவர அரை மணி நேரம் ஆனது. போட்டதும் குழுவில் ஒரே சிரிப்பு. கோவில்பட்டி லட்சுமணப்பெருமாள், டயர் ரீட்ரேடிங் கடை வைத்திருப்பவர், "டாக்டரம்மா, எனக்கும் மத்தியானம் சாப்ட்டா ரெண்டு கண்ணும் அப்படித்தான்" என்று எழுதினார்.

குழுவில் என் பெயருக்குப் பக்கத்தில் டாக்டர் என்று இருக்கிறது. ஷென்யாங்கில் இருந்தபோது போட்டது. எடுக்க மறந்துவிட்டது.

ஏப்ரல் 27

அப்பா தூத்துக்குடியிலிருந்து வந்திருந்தார். துறைமுகத்தில் வேலை, மாதம் ஒரு முறை வருவார். எதிர்வீட்டுக்காரரிடம் "பொண்ணு டாக்டர், மேல்படிப்புக்குத் தயார் பண்றா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். மாடியில் நின்று கேட்டேன். எரிச்சலாக வந்தது. அவர் மேல் இல்லை.

மருந்தியல் இரண்டு பாடம். மூன்றரைக்கு அத்தியாயம். "நூடுல்ஸ் பாதிக் கிண்ணத்தில் தாடை சோர்ந்து, கையால் முட்டுக் கொடுத்து மென்றேன். பெயரை அரைக் கிண்ணம் என்று மாற்றிக்கொள்ளட்டுமா?" என்று மூன்று கிண்ணம் எழுதியிருந்தார். சீன வாசகர்கள் நூடுல்ஸ் கிண்ணத்துக்கு ஊன்றுகோல் வைத்துப் படம் வரைந்து தள்ளிவிட்டார்கள். நான் அதையும் குழுவில் பகிர்ந்தேன்.

மே 4

அக்கினி நட்சத்திரம். மதியம் மின்சாரம் போய்விட்டது. அம்மாவுக்கு மின்வாரிய அலுவலகத்தில் வேலை, ஆகவே தெருவே எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்று கேட்கிறது. "என்னமோ நான்தான் ஃபியூஸைப் பிடுங்கி இடுப்புல சொருகிட்டு வந்த மாதிரி பேசுறாங்க" என்று அம்மா சாயங்காலம் புலம்பினாள்.

போனில் சார்ஜ் தீர்ந்து அத்தியாயம் படிக்க முடியவில்லை. ரேழிக்கும் மாடிக்கும் நடந்துகொண்டே இருந்தேன். ஒரு பாடமும் ஓடவில்லை. பிறகு சத்திரம் பேருந்து நிலையம் வரை போய் ஒரு டீக்கடையில் சார்ஜ் போட்டுப் படித்துவிட்டு வந்தேன். அன்றாட வருகைப் பதிவு விட்டுப்போகக் கூடாது என்பதும் ஒரு காரணம்.

வருகைப் பதிவு என்பது அந்தத் தளத்தின் வழக்கம். தினமும் உள்ளே போய் ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். அரை வருஷம் ஒரு நாளும் விடாமல் அழுத்தினால் 'இரும்பு வாசகர்' பட்டம். இரும்பு வாசகர் தன் எழுத்தாளருக்கு ஒரு தனிக் கடிதம் எழுதலாம். ஒன்றே ஒன்றுதான். எல்லோரும் அதை "என் நாயகனைக் கொல்லாதீர்கள்" என்று கேட்கத்தான் வைத்திருப்பார்கள். எனக்கு இன்னும் சில வாரம் இருக்கிறது. போன தேர்வு எழுதிய நாளில்கூட நான் பொத்தானை அழுத்தியிருக்கிறேன்.

மே 9

பயிற்சி மையத்தின் மாதிரித் தேர்வு. நரம்பியலில் ஒன்றுகூடத் தப்பில்லை. 'முப்பது வயதுப் பெண், மாலையில் இமை சரிகிறது, மென்றால் தாடை சோர்கிறது, ஓய்வெடுத்தால் சரியாகிறது, நோய் என்ன' என்று ஒரு கேள்வி. விடைகளைப் படித்து முடிக்குமுன்பே அழுத்திவிட்டேன். ரிஸ்வானாவுக்குப் படம் எடுத்து அனுப்பினேன். "பாத்தியாடி, நீ மக்கு இல்ல. உக்காந்தா வரும்" என்றாள்.

நல்ல நாள். சீக்கிரம் முடித்துவிட்டு அத்தியாயத்துக்கு உட்கார்ந்தேன். மூன்று கிண்ணம் எழுதுகிறார்: "திரையில் இரண்டு வேய் லான் தெரிகிறார்கள். இரண்டு பேரையும் காப்பாற்ற எனக்குத் தெம்பில்லை." ஐயோ, ஒருவனையாவது காப்பாற்றுங்கள் என்று கருத்திட்டேன்.

மே 17

ரிஸ்வானாவோடு சண்டை. குழுவில் நான் போடும் அத்தியாயங்களை அவள் எண்ணியிருக்கிறாள். "ஒரு நாள்கூட லீவு விடலையேடி நீ. பாடத்துக்கு எத்தனை நாள் லீவு விட்டே?" என்றாள். மொழிப் பயிற்சி என்றேன். "இங்க வார்டுல எந்த நோயாளியும் எங்கிட்டச் சீனத்துல பேசல" என்றாள்.

போனை வைத்துவிட்டேன். அவளுக்கென்ன, கழுத்தில் ஸ்டெதாஸ்கோப் தொங்குகிறது.

மே 25

இன்று மூன்று கிண்ணம் வாசகர்களுக்காக நேரலையில் ஓர் அத்தியாயத்தை வாசித்தார். முதல்முறையாக அவர் குரலைக் கேட்டேன். என்ன ஒரு குரல். வேய் லான் தன் அம்மாவுக்குக் கடைசியாகக் கஞ்சி காய்ச்சும் இடம். வாசிக்க வாசிக்கக் குரல் மெலிந்து, மூக்கால் பேசுவதுபோல ஆகி, கடைசிப் பத்தியில் சொற்களே குழைந்துவிட்டன. தாதா அழுகிறார், தாதா அழுகிறார் என்று வாசகர்களின் கருத்துகள் திரை முழுக்க ஓடின. நானும் அழுதேன். அதைக் கேட்டு அழாதவர்கள் மனிதர்களே இல்லை.

அம்மா கதவைத் திறந்து பார்த்துவிட்டு, படிப்பின் கவலை என்று நினைத்து, தலையைத் தடவிவிட்டுப் போனாள். நான் திருத்தவில்லை.

ஜூன் 2

அறுவைச் சிகிச்சையியல் அப்படியே கிடக்கிறது. குழந்தை நலம் கிடக்கிறது. கண், காது, மூக்கு கிடக்கிறது. நாளையிலிருந்து கதை கிடையாது.

ஜூன் 3

கதை படித்தேன். தளபதி ஹே சிறைக்கதவை உடைத்துவிட்டாள். எப்படி விட முடியும்?

ஜூன் 9

இரும்பு வாசகர் ஆகிவிட்டேன். பெயருக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு பதக்கம் வந்திருக்கிறது. பட்டப்படிப்பு முடித்தபோதுகூட இவ்வளவு சந்தோஷப்படவில்லை, சத்தியமாக. கடிதத்தை இப்போது வீணாக்க மாட்டேன். கதை முடிவு நெருங்கும்போது வேய் லானுக்காகக் கேட்பேன்.

பின்குறிப்பு: "தேநீர் மூக்கு வழியாக வெளியே வந்தது. இனி நான் யானை." குழுவில் யானைப் படங்கள்.

ஜூன் 20

வேய் லான் அரசரின் சூப்பை ருசி பார்த்துவிட்டான். கையிலிருந்த கிண்ணம் கீழே விழுகிறது. அத்தோடு அத்தியாயம் முடிந்துவிட்டது. அடுத்த வாரம் தேர்வு. இரண்டில் எதற்காகத் தவிக்கிறேன் என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

ஜூன் 21

அத்தியாயம் வரவில்லை.

ஜூன் 22

வரவில்லை. லட்சுமணப்பெருமாள் மூன்று முறை கேட்டுவிட்டார். "டாக்டரம்மா, அந்தச் சமையக்காரன் பொழைச்சானா இல்லியா, அத மட்டும் சொல்லிருங்க. கடையில வேலை ஓட மாட்டேங்குது." எனக்கு மட்டும் தெரியுமா என்ன? பக்கத்தைத் திரும்பத் திரும்பத் திறந்து பார்க்கிறேன். நடுவில் ஒரு பாடத்தைத் திறப்பேன், மூடுவேன்.

ஜூன் 24

இன்றைக்கு நடந்ததை ஒழுங்காக எழுதப் பார்க்கிறேன்.

மூன்றரைக்கு ஒரு விடுப்புக் குறிப்பு வந்தது. "சளி பிடித்து மூச்சு அடைக்கிறது. பேசினால் வாய் குழறுகிறது. வீட்டில் பழைய ஆன்டிபயாட்டிக் அட்டை கிடந்தது, லெவோஃப்ளாக்சசின், நேற்றிலிருந்து போட்டுக்கொள்கிறேன். குணமானதும் குழியை நிரப்புவேன், யாரும் ஓடிவிடாதீர்கள்." வழக்கம்போல மொழிபெயர்க்க உட்கார்ந்தேன். அந்த மருந்தின் பெயரைத் தமிழில் எழுத்துக் கூட்டி அடித்துக்கொண்டிருந்தபோது கை நின்றுவிட்டது.

காலையில்தான் படித்திருந்தேன். எந்த நோயில் எந்த மருந்து கொடுக்கவே கூடாது என்ற பாடம். அதில் இந்த மருந்து இருந்தது, இதற்கு எதிரே இருந்த நோயின் பெயர் மயஸ்தீனியா.

குழுவில் மேலே போய் நான் மொழிபெயர்த்துப் போட்ட பின்குறிப்புகளை மட்டும் வரிசையாகப் படித்தேன். மாலையில் மூடிக்கொள்ளும் ஒரு கண். பாதிக் கிண்ணத்தில் சோரும் தாடை. இரண்டாகத் தெரியும் எழுத்து. பேசப் பேச மூக்கால் வரும் குரல். மூக்கு வழியாக வந்த தேநீர். நரம்பு சொல்வதைத் தசை சரியாக வாங்கிக்கொள்ளாத நோய். பொழுது சாயச் சாயக் கூடும், தூங்கி எழுந்தால் குறையும், முற்றினால் மூச்சுவிடும் தசையும் நின்றுவிடும். பாடப்புத்தகத்தில் எந்த வரிசையில் இருக்குமோ அதே வரிசையில் இரண்டு மாதமாக எனக்கு எழுதிக்கொண்டிருந்திருக்கிறார். ஒவ்வொன்றின் கீழும் நான் சிரிப்பு முகம் போட்டிருக்கிறேன். யானைப் படத்தை முதலில் போட்டது நான்தான்.

மே மாதம் அதே கேள்விக்கு விடையை அழுத்திவிட்டு ரிஸ்வானாவிடம் பெருமை அடித்தவளும் நான்தான். வெட்கமாக இருக்கிறது. அதைவிடப் பயமாக இருக்கிறது.

சண்டையை மறந்து ரிஸ்வானாவுக்குப் போன் போட்டேன். வார்டில் இருந்தாள்.

"கதைக்குக் கீழ எழுதுற குறிப்ப வெச்சு நோய் கண்டுபிடிச்சியா? அனு, நாலு நாள்ல பரீட்சை. உனக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சு" என்றாள்.

ஒவ்வொன்றாகச் சொன்னேன். முடித்ததும் வேறு குரலில் கேட்டாள். "படுத்தா மூச்சு வாங்குதாமா?"

"தெரியாதுடி. மூச்சு அடைக்குதுன்னு மட்டும் எழுதியிருக்கு."

"அந்த மாத்திரைய நிறுத்தச் சொல்லு. எப்படியாவது சொல்லு."

உடனே கருத்துப் பகுதியில் எழுதினேன். மருந்தை நிறுத்துங்கள், நரம்பியல் மருத்துவரிடம் போங்கள், இது சாதாரணச் சளி இல்லை என்று. ஐந்து நிமிஷத்தில் வசவு வரிசை கட்டியது. எங்கள் தாதாவுக்குச் சாபம் விடாதே. தாதாவின் உடம்பை வைத்து விளம்பரம் தேடுகிறாயா. நீ என்ன டாக்டரா? அங்கே ரசிகர்களுக்கு இது ஒரு கட்டுப்பாடு, எழுத்தாளருக்கு நோய் என்று வாய்விட்டுச் சொல்வதே சாபம். பொங்கி எழுந்து புகார் கொடுத்தார்கள். என் கருத்தை நீக்கி, ஒரு வாரம் கருத்தே எழுத முடியாதபடி பூட்டிவிட்டார்கள்.

நானும் அந்தக் கூட்டத்தில் ஒருத்தியாக இருந்திருந்தால் அதையேதான் செய்திருப்பேன்.

ஜூன் 25

நீ என்ன டாக்டரா? நாள் முழுக்க அந்த ஒரு வரி உள்ளே சுற்றிக்கொண்டிருக்கிறது. தப்பாக இருந்தால்? வெறும் களைப்பாக இருந்தால்? இரண்டு முறை தேறாதவள் ஆயிரக்கணக்கான மைல் தள்ளி உட்கார்ந்துகொண்டு, முகம்கூடப் பார்க்காத ஒருத்திக்கு நோய்ப் பெயர் சூட்டுகிறாள். கேட்டால் யாரும் சிரிப்பார்கள்.

கடிதம் இருக்கிறது. இரும்பு வாசகரின் ஒரே கடிதம்.

வேய் லான் தரையில் விழுந்து கிடக்கிறான். அந்தக் கடிதம் அவனுக்காக வைத்திருந்தது. இப்படி எழுதக்கூட அசிங்கமாக இருக்கிறது, ஆனால் நேற்றே அனுப்பாமல் ஒரு நாள் கடத்தினேன். அதுதான் உண்மை.

ஜூன் 26

காலையில் எழுந்ததும் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன். எழுதி முடிக்க மதியம் ஆகிவிட்டது. கதைச் சீனம் வேறு, மருத்துவச் சீனம் வேறு. பழைய வகுப்புக் குறிப்புகளை அட்டைப்பெட்டியிலிருந்து இறக்கி, சரியான சொற்களைத் தேடிப் போட்டேன். எந்த நாள் பின்குறிப்பில் எந்த அறிகுறி, மருத்துவரிடம் என்ன சொல்ல வேண்டும், என்ன பரிசோதனை கேட்க வேண்டும், எந்தெந்த மருந்து தொடவே கூடாது. விழுங்க முடியாமல் போனாலோ, படுத்தால் மூச்சு வாங்கினாலோ ஒரு நிமிஷமும் காத்திருக்காமல் ஆம்புலன்ஸ். கையெழுத்து போடும் இடத்தில் டாக்டர் என்று அடித்து, அழித்துவிட்டு, ஒரு வாசகி என்று போட்டேன்.

அனுப்பும்போது ஒரு எச்சரிக்கை வந்தது. இந்தக் கடிதத்தைத் திரும்பப் பெற முடியாது, உறுதியா என்று. அழுத்தினேன்.

அம்மா அலுவலகத்திலிருந்து வந்து, அறை முழுக்கச் சீனக் காகிதங்கள் பரவிக் கிடப்பதைப் பார்த்தாள். "பரீட்சை இதுலயா வருது?" என்றாள். கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை, மெதுவாகத்தான் கேட்டாள். அவள் காகிதங்களை ஒவ்வொன்றாக எடுத்து, ஓரம் சேர்த்து அடுக்கி, மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள்.

ஜூன் 28

தேர்வு எழுதினேன். சமயபுரம் தாண்டி ஒரு பொறியியல் கல்லூரி. காலையில் ஒரு பகுதி, மதியம் ஒரு பகுதி. குழந்தை நலத்தில் தடவினேன். கண் மருத்துவத்தில் கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினேன். மயஸ்தீனியா பற்றி ஒரு கேள்வியும் வரவில்லை.

வெளியே வந்து முதலில் தளத்தைத் திறந்தேன். பதில் இல்லை. கடிதத்தைப் படித்ததாகக்கூடக் காட்டவில்லை.

ஜூலை 1

படிக்கப்படவில்லை.

ஜூலை 3

கடிதத்துக்குக் கீழே 'படிக்கப்பட்டது' என்று வந்திருக்கிறது. பதில் இல்லை. பேருந்தேறி ஸ்ரீரங்கம் போனேன், கோயிலுக்குள் போகாமல் அதே பேருந்தில் திரும்பி வந்தேன். உட்கார்ந்திருக்க முடியவில்லை, வேறொன்றுமில்லை.

ஜூலை 5

குழுவில் சிலர் கோபமாக இருக்கிறார்கள். தெரிந்துகொண்டே அத்தியாயத்தை மறைக்கிறேன் என்று ஒருவர். முடிவை நீங்களே எழுதிவிடுங்களேன் என்று இன்னொருவர். கடைசியில் உள்ளதைச் சொல்லிவிட்டேன். எழுத்தாளருக்கு உடம்பு சரியில்லை, மூச்சுக்கு ஆபத்து இருக்கலாம் என்று பயப்படுகிறேன், கதை இனி வருமா என்று தெரியாது. பெயருக்குப் பக்கத்திலிருந்த டாக்டரையும் எடுத்தேன். இன்னும் தேர்வு தேறவில்லை என்று எழுதினேன்.

பிறகு லட்சுமணப்பெருமாள் ஒரு குரல் செய்தி போட்டார். பின்னால் டயர் அடிக்கும் சத்தம். "கதை கெடக்கட்டும் டாக்டரம்மா. அந்தப் பிள்ளைக்கு எப்படி இருக்குன்னு தெரிஞ்சா மட்டும் சொல்லுங்க." டாக்டரம்மாவை அவர் விடவில்லை. அதைக் கேட்டதும் அழுகை வந்துவிட்டது.

ஜூலை 11

மூன்று கிண்ணத்திடமிருந்து பதில்.

என் கடிதமும் வேய் லானைக் காப்பாற்றச் சொல்லும் இன்னொரு கெஞ்சல் என்றுதான் அவர் நினைத்திருக்கிறார். சோர்வாக இருக்கும் ஒரு நாளில் படித்துச் சிரிக்கலாம் என்று திறக்காமலேயே வைத்திருக்கிறார். மூன்றாம் தேதி சாயங்காலம் தண்ணீரே விழுங்க முடியாமல், படுக்க முடியாமல் உட்கார்ந்தபடியே, சிரிப்பதற்காகத் திறந்திருக்கிறார். படித்துவிட்டுத் தன் அம்மாவைக் கூப்பிட்டிருக்கிறார். ஆம்புலன்ஸில் போகும்போதும் போனைக் கையிலிருந்து விடவில்லையாம். மருத்துவமனையில் பேச முடியாததால் கடிதத்தை அப்படியே காட்டியிருக்கிறார். அன்று ராத்திரியே செயற்கை மூச்சு வைத்திருக்கிறார்கள். இப்போது எடுத்துவிட்டார்கள். நோய் அதுவேதான். இந்த நோயோடு சில சமயம் வருவதுபோல மார்புக்குள் ஒரு கட்டி இருப்பதும் தெரிந்திருக்கிறது, அடுத்த மாதம் அறுவைச் சிகிச்சை.

"குழியை இப்போதைக்கு நிரப்ப முடியாது, மன்னித்துக்கொள்" என்று எழுதியிருந்தார். "உன்னிடம் இருந்தது ஒரே கடிதம் என்று எனக்குத் தெரியும். அதை இதற்குச் செலவழித்துவிட்டாய். என்னைப் பார்க்கும் மருத்துவர் இதை எழுதிய டாக்டர் யார் என்று கேட்டார். என் அம்மாவும் தினமும் கேட்கிறாள். கீழே என் சொந்த எண் இருக்கிறது, இனி அதற்கு எழுது. உன் பெயரைச் சொல். எந்த மருத்துவமனையில் வேலை பார்க்கிறாய்?"

உயிரோடு இருக்கிறார். குழுவில் போட்டேன், ரிஸ்வானாவிடம் சொன்னேன். "என் வார்டுக்கே இவங்க வந்திருந்தாலும் நான் இத விட்டிருப்பேன்டி" என்றாள்.

கடைசிக் கேள்விக்குப் பதில் எழுதவில்லை. இரண்டு நாளில் தேர்வு முடிவு. வரட்டும், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம்.

ஜூலை 13

தேறவில்லை.

அம்மா முடிவைப் பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அப்பா போனில் "பரவால்லம்மா, பரவால்லம்மா" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார். இந்தத் தோல்விக்கு யாரையும் குறை சொல்வதற்கில்லை. குழந்தை நலத்தை நான் படிக்கவில்லை, கண்ணைப் படிக்கவில்லை, அந்த மதியங்களெல்லாம் எங்கே போயின என்று இந்த டைரியே சொல்கிறது. குழியின் ஓரத்தில் நின்றேன் என்று எழுதியிருக்கிறேன். கழுத்தளவு இறங்கியிருந்தேன்.

ஜூலை 14

அம்மா அலுவலகத்துக்கு விடுப்பு. கூடத்தில் டிவியைச் சத்தமாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், பார்க்கவில்லை.

மதியம் மூன்று கிண்ணத்துக்கு எழுதினேன். "என் பெயர் அனுசுயா. எந்த மருத்துவமனையிலும் வேலை பார்க்கவில்லை. இங்கே மருத்துவராக ஒரு தேர்வு தேற வேண்டும். நேற்று மூன்றாவது முறையாகத் தேறவில்லை. டிசம்பரில் மறுபடி எழுதுகிறேன். உங்கள் மருத்துவரிடமும் அம்மாவிடமும் இதை அப்படியே சொல்லிவிடுங்கள்." அத்தோடு நிறுத்திக்கொள்ளத்தான் நினைத்தேன். விரல் நிற்கவில்லை. மாத்திரை எத்தனை வேளை, விழுங்கும்போது புரையேறுகிறதா, சாயங்காலம் இமை எப்படி இருக்கிறது என்று கேட்டேன். முடிந்தால் நன்றாக மூச்சை இழுத்து, அந்த ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு என்று எண்ணிக் குரல் செய்தியாக அனுப்புங்கள் என்றும் எழுதினேன். மூச்சுத் தசையில் எவ்வளவு வலு இருக்கிறது என்று பார்க்க எந்தக் கருவியும் இல்லாத இடத்தில் செய்வது. இருபதுக்குள் நின்றால் கவலைப்பட வேண்டும்.

கொஞ்ச நேரத்தில் குரல் வந்தது. என் தேர்வைப் பற்றி ஒரு சொல் இல்லை. "சரி டாக்டர், எண்ணுகிறேன்" என்றுவிட்டு ஆரம்பித்தார். ஈ, அர், சான். போனைக் காதோடு ஒட்டிவைத்துக்கொண்டு கேட்டேன். பதினைந்தைத் தாண்டினார். இருபது. குரல் மூக்குக்கு ஏறுகிறதா, சொல் குழைகிறதா என்று பார்த்தேன். இருபத்தைந்து. முப்பதில் கொஞ்சம் மெலிந்தது. முப்பத்து நாலில் நின்றது, பிறகு ஒரு சிரிப்பு. திரும்ப ஒருமுறை சத்தத்தைக் கூட்டிவைத்து ஓடவிட்டேன்.

கதவு திறந்தது. அம்மா நின்றிருந்தாள். நேற்றிலிருந்து அவள் பேசிய முதல் பேச்சு இதுதான்.

"மறுபடியும் அந்தக் கதையா அனு?"

"இல்லம்மா. பேஷன்ட்."

போனிலிருந்து எண்கள் வந்துகொண்டிருந்தன. அம்மா எண்ணிக்கை முடிகிறவரை அங்கேயே நின்று கேட்டாள். பிறகு கூடத்துக்குப் போய் டிவியை அணைத்தாள்.